கல்லூரியில் தோற்ற கணித மேதை

கல்லூரிப் பரீட்சையில் அவர் தேறவில்லை. இரண்டு கல்லூரிகளில் சேர்ந்து படித்தார். இரண்டிலும் தோல்வி.

அதே மனிதருக்கு இங்கிலாந்துப் பேராசிரியர் ஒருவர் மார்க் போட்டார். தமக்கு 25. தம் கூட்டாளிக்கு 30. ஜெர்மனியின் புகழ் பெற்ற கணித அறிஞர் ஹில்பர்ட்டுக்கு 80. இவருக்கு 100!

மார்க் போட்டவர் பெயர் ஹார்டி. மார்க் வாங்கியவர் கும்பகோணத்து ராமானுஜம்.

தோற்றவரும் அவரே. நூற்றுக்கு நூறு வாங்கியவரும் அவரே. மூளை ஒன்றுதான். அதை அளந்த கோல்தான் வேறு.

ஒரு மாணவனுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்ப்பது எளிது. கேள்வித்தாளைக் கொடுத்தால் போதும். அவன் எப்படிச் சிந்திக்கிறான் என்று பார்ப்பது கடினம். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் கிடைக்கும் வரை ராமானுஜம் பட்டினி கிடந்தார்.

ஜவுளிக்கடைக் குமாஸ்தா மகன்

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாயாரைப் பெற்ற பாட்டி வீட்டில் ராமானுஜம் பிறந்தார். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். சாரங்கபாணி கோவில் சன்னதித் தெருவில் சின்ன வீடு. அரைவயிற்றுச் சாப்பாட்டுக் குடும்பம்.

இரண்டு வயதில் ராமானுஜத்துக்கு அம்மை போட்டது. பிழைத்தார். முகத்தில் தழும்பு மட்டும் நின்றது.

பள்ளிக்கூடத்தில் அவர் கேட்ட கேள்வி ஒன்றை இன்றும் கதையாகச் சொல்வார்கள். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று உபாத்தியாயர் பாடம் நடத்தினார். மூன்று பழத்தை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. ஆயிரம் பழத்தை ஆயிரம் பேருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒன்று. பையன்கள் தலையாட்டினார்கள். ராமானுஜம் மட்டும் எழுந்தார். பூஜ்யம் பழத்தைப் பூஜ்யம் பேருக்குப் பங்கிட்டால், அப்போதும் ஆளுக்கு ஒன்று வருமா என்று கேட்டார்!

சொன்னதை அப்படியே வாங்கிக் கொள்ளாமல், எங்கே அது பொருந்தாது என்று பார்க்கிற புத்தி அது. பெரிய படிப்புப் படித்தவர்களிடமும் பல்கலைக்கழகங்கள் தேடுகிற புத்தி அதுதான்.

1897-ல் ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினார். அடுத்த ஆண்டு கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தை வாங்கிப் படித்தார். அவர்களுக்கே புரியாத இடத்தை அவர் விளக்கினார்.

ஒரு பழைய புத்தகம்

1903-ல் ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. அப்போது வயது 15. கார் என்பவர் எழுதிய கணிதப் புத்தகம். கார் லண்டனில் இருந்தவர். பரீட்சைக்குப் போகும் மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பாடக் குறிப்புகளைத்தான் புத்தகமாக்கினார்.

அந்தப் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் வரிசையாக இருந்தன. விடை இருக்கும், வழி இருக்காது. இருந்தாலும் ஒரு வரி, இரண்டு வரிதான். மற்றவர்களுக்கு அது வறண்ட புத்தகம். ராமானுஜத்துக்கு அது விருந்து. ஒவ்வொரு முடிவுக்கும் தாமே வழி கண்டுபிடித்தார். பிறகு புத்தகத்தில் இல்லாத முடிவுகளையும் கண்டுபிடித்தார்.

காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். மறுபடி போடுவார். விடை வந்ததும் அதை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொள்வார். வழி சிலேட்டோடு போய்விடும்.

இந்தப் பழக்கத்தைப் பின்னால் ஒரு பேராசிரியர் மாற்ற வேண்டி வந்தது.

கல்லூரியில் தோல்வி

1904-ல் ஹைஸ்கூல் படிப்பு முடிந்தது. கணக்கில் பரிசு வாங்கினார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் இடம் கிடைத்தது. உபகாரச் சம்பளமும் கிடைத்தது.

எப்.ஏ. என்றால் கணக்கு மட்டும் அல்ல. இங்கிலீஷ், சமஸ்கிருதம், கிரேக்க ரோமச் சரித்திரம், உடலியல் எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் தோல்விதான்.

ராமானுஜத்தின் மனம் கணக்கை விட்டு நகரவில்லை. சரித்திர வகுப்பிலும் கணக்குப் போட்டார். இங்கிலீஷில் தோற்றார். உபகாரச் சம்பளம் நின்றது. சம்பளம் கட்ட வீட்டில் பணம் இல்லை. 1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் வடக்கே விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். பெற்றோர் தவித்துத் தேடினார்கள். பிறகு திரும்பி வந்தார்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சிங்காரவேலு முதலியார் என்ற கணக்குப் பேராசிரியர் இருந்தார். அவர் ராமானுஜத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கடினமான கணக்குகளைச் சேர்ந்து போட்டார். ஆனால் உடலியல் பாடம் காலை வாரியது. உணவு எப்படிச் செரிக்கிறது என்ற கேள்விக்கு, இந்தப் பாடம் எனக்குச் செரிக்கவில்லை என்ற பொருள்பட எழுதிவிட்டு வந்தார் என்று ஒரு கதை உண்டு.

1906 டிசம்பரில் எப்.ஏ. பரீட்சை. தோல்வி. அடுத்த ஆண்டு மறுபடி எழுதினார். மறுபடி தோல்வி. கல்லூரி வாழ்க்கை அதோடு முடிந்தது.

பரீட்சை பொய் சொல்லவில்லை. அது கேட்டதற்கு அவர் பதில் எழுதவில்லை. ஆனால் அவரிடம் இருந்ததை அது கேட்கவும் இல்லை.

நோட்டுப் புத்தகமே சான்றிதழ்

பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909 ஜூலையில் கல்யாணம் நடந்தது. மணப்பெண் ஜானகி, பத்து வயதுச் சிறுமி. அந்தக் காலத்து வழக்கம் அது. இனிச் சம்பாதித்தே ஆக வேண்டும்.

கையில் இருந்தவை நோட்டுப் புத்தகங்கள்தான். அவற்றைத் தூக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார்.

விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் ரயில் பாதையில் திருக்கோவிலூர் வரும். அதைத் தாண்டினால் திருவண்ணாமலை, பிறகு கலசப்பாக்கம் பக்கம், போளூர், ஆரணி ரோடு. 1910-ல் ராமானுஜம் திருக்கோவிலூரில் போய் இறங்கினார். அங்கே டெப்டி கலெக்டராக இருந்தவர் ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் ஆரம்பித்தவர் அவர்.

ராமானுஜம் கேட்டது சின்ன வேலை. தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. டெப்டி கலெக்டர் நினைத்தால் கொடுத்திருக்கலாம். அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிரமித்தார். இந்த மூளையைத் தாலுகா ஆபீஸ் கட்டுகளுக்குள் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலை கொடுக்கவில்லை! சிபாரிசுக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

அங்கிருந்து ஒருவர் மாற்றி ஒருவராக, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் ராமானுஜம் போய்ச் சேர்ந்தார். அழுக்குச் சட்டை, சவரம் செய்யாத முகம், கக்கத்தில் நோட்டுப் புத்தகம். முதலில் கலெக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. பல தடவை வரவழைத்துப் பேசினார். எளிய முடிவிலிருந்து ஆரம்பித்து, படிப்படியாகக் கடினமான முடிவுக்கு ராமானுஜம் அவரை அழைத்துப் போனார். கலெக்டருக்குத் தெளிவு பிறந்தது. மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார்.

ஆறு மாதம் பதில் இல்லை

1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் ராமானுஜம் ஒரு கேள்வி கொடுத்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொரு வர்க்கமூலம் என்று முடிவே இல்லாமல் போகும் கணக்கு. விடை என்ன?

ஆறு மாதம் காத்திருந்தார். யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3. வெறும் மூன்று!

எப்படி?

3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. ஆகவே 9-ன் வர்க்கமூலம் 3. அந்த 9 என்பது 1-உடன் 2 தடவை 4-ஐக் கூட்டியது. அந்த 4 என்ன? 16-ன் வர்க்கமூலம். 16 என்பது 1-உடன் 3 தடவை 5-ஐக் கூட்டியது. அந்த 5 என்ன? 25-ன் வர்க்கமூலம். 25 என்பது 1-உடன் 4 தடவை 6-ஐக் கூட்டியது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம். முன்னாலிருந்து பார்த்தால் மலை. பின்னாலிருந்து பார்த்தால் படிக்கட்டு.

பெருக்கல் வாய்பாடு தெரிந்த பிள்ளை இதைச் சரிபார்க்கலாம். ஆனால் இப்படி ஒரு படிக்கட்டு இருக்கிறது என்று தோன்ற வேண்டுமே! அந்தத் தோற்றத்துக்கு எப்.ஏ. பரீட்சையில் மார்க் இல்லை.

30 ரூபாய்க் குமாஸ்தா

பிறர் பணத்தில் சும்மா சாப்பிட ராமானுஜத்துக்குப் பிடிக்கவில்லை. 1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

ஆபீஸ் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரை. கணக்கு அதிகாரி நாராயண அய்யர். அவரும் கணிதம் படித்தவர். மாலை வேளையில் இருவரும் சேர்ந்து கணக்குப் போடுவார்கள். ராமானுஜம் ஒரே தாவில் விடைக்குப் போய்விடுவார். நாராயண அய்யருக்குத் தலை சுற்றும். இரண்டு வரிக்கு நடுவே பத்து வரியாவது எழுதினால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று அவர் வற்புறுத்துவார்.

ராமானுஜத்திடம் வழியைக் காட்டு என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். இதே கேள்வி அடுத்து லண்டனிலிருந்து வந்தது. சென்னையிலிருந்த கிரிபித் என்ற பேராசிரியர் ராமானுஜத்தின் கணக்குகளை லண்டன் பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். திறமை இருக்கிறது, ஆனால் படிப்பில் ஓட்டை இருக்கிறது, இன்னின்ன புத்தகம் படிக்க வேண்டும் என்று ஹில் பதில் எழுதினார். அக்கறையான பதில்தான். ஆனால் வயிற்றுக்கு வழி காட்டவில்லை.

சீமைக்குப் போன கடிதம்

1913 ஜனவரி 16-ந் தேதி ராமானுஜம் இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஹார்டிக்கு. தாம் பல்கலைக்கழகப் படிப்புப் படிக்காதவர், துறைமுகக் குமாஸ்தா, ஏழை என்பதை மறைக்காமல் எழுதினார். சுமார் நூறு முடிவுகளுக்கு மேல் அதில் அடுக்கியிருந்தார். வழி எதுவும் இல்லை.

இப்படிக் கடிதம் எழுதும் கிறுக்கர்கள் உலகம் முழுவதும் உண்டு. ஹார்டியும் முதலில் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அன்று முழுவதும் அந்தக் கடிதம் அவர் மனத்தை அரித்தது. இரவு தம் கூட்டாளி லிட்டில்வுட்டை அழைத்தார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சோதித்தார்கள்.

அந்த இரவில் நடந்ததும் ஒரு பரீட்சைதான். எழுதியவர் ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்தார். திருத்தியவர்கள் கேம்பிரிட்ஜில் இருந்தார்கள். கேள்வித்தாள் கிடையாது. விடைத்தாள் மட்டும்தான்.

ஹார்டி முடிவுகளை மூன்று கட்டாகப் பிரித்தார். ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்தவை ஒரு கட்டு. புதியவை, ஆனால் வேடிக்கையாக மட்டும் உள்ளவை ஒரு கட்டு. புதியவை, ஆழமானவை மூன்றாவது கட்டு. மூன்றாவது கட்டில் சில முடிவுகள் அவரையே திணற அடித்தன. இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பொய்யாக இப்படிக் கற்பனை செய்ய யாராலும் முடியாது என்று அவர் முடிவுக்கு வந்தார். நள்ளிரவுக்குள் இருவருக்கும் விளங்கிவிட்டது. எழுதியவர் கிறுக்கர் அல்ல, மேதை.

கேம்பிரிட்ஜ் கேட்ட ஒரே கேள்வி

பிப்ரவரி 8-ந் தேதி ஹார்டி பதில் எழுதினார். அதில் பாராட்டு இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் இருந்தது. இந்த முடிவுகளை எப்படி நிரூபித்தீர்கள்? வழியை எழுதி அனுப்புங்கள்.

கலசப்பாக்கம், ஆரணிப் பக்கத்தில் பட்டுத்தறி ஓடும் வீடுகள் உண்டு. சேலை வாங்க வந்தவர் முந்தானையின் சரிகையைப் பார்ப்பார். நெசவு தெரிந்தவர் சேலையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்ப்பார். ஊடை எப்படி ஓடியிருக்கிறது, எங்கே இழை விட்டிருக்கிறது என்று அங்கேதான் தெரியும். ராமானுஜம் அனுப்பியது முந்தானை. ஹார்டி கேட்டது உள்பக்கம்.

ராமானுஜம் உடனே வழியை அனுப்பவில்லை. தம்மைப் பரிவோடு பார்க்கும் ஒரு நண்பர் கிடைத்ததே போதும் என்று பதில் எழுதினார். மூளை வேலை செய்ய வயிற்றுக்குச் சோறு வேண்டும், தங்கள் கடிதம் இருந்தால் இங்கே உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்று மனம் திறந்து எழுதினார்.

அப்படியே நடந்தது. அந்தச் சமயத்தில் இந்திய வானிலை இலாகாத் தலைவர் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் கணித மேதை. கேம்பிரிட்ஜில் முதல் ராங்கு வாங்கியவர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். இவரைக் குமாஸ்தாவாக வைத்திருக்கக் கூடாது என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு சிக்கல். ஆராய்ச்சிச் சம்பளம் பெற எம்.ஏ. பட்டம் வேண்டும். இவரோ எப்.ஏ. கூடத் தேறாதவர். ஆனால் ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று அதன் சட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருப்பதைத் துணைவேந்தர் எடுத்துக் காட்டினார். வழி பிறந்தது. 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்ன கண்டுபிடித்தார் என்று அறிக்கை கொடுத்தால் போதும்.

அவரைத் தோற்கடித்த அதே பல்கலைக்கழகம்தான் அவரைக் காப்பாற்றியது. ஆள் மாறவில்லை. கேள்வி மாறியது.

கடல் கடந்து

கடல் தாண்டினால் ஜாதிக் கட்டுப்பாடு. வைதீகக் குடும்பம். தாயார் சம்மதிக்கவில்லை. பிறகு நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து, மகனைத் தடுக்க வேண்டாம் என்று சொன்னதாகக் கோமளத்தம்மாள் கூறினார். தடை நீங்கியது. கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு வந்திருந்த நெவில் என்ற இளம் பேராசிரியர் எல்லா ஏற்பாட்டுக்கும் உதவினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கியது. அன்றைய மதிப்பில் 3,750 ரூபாய். அதில் மாதம் 60 ரூபாய் தாயாருக்குப் போகும்படி ராமானுஜம் ஏற்பாடு செய்தார்.

குடுமியை எடுத்தார். கோட்டு மாட்டினார். 1914 மார்ச் 17-ந் தேதி நெவாசா என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரலில் லண்டன் சேர்ந்தார். சில மாதங்களில் முதல் உலக யுத்தம் மூண்டது.

விடை சரி, வழி எங்கே?

ராமானுஜம் அனுப்பியதெல்லாம் சரியா? இல்லை. பகா எண்கள் பற்றி அவர் எழுதிய சில முடிவுகள் தவறு. சிறிய எண்களுக்குச் சரியாக வரும். மிகப் பெரிய எண்களுக்குப் போனால் பிசகும். ஆயிரம் தடவை சரியாக வந்தது ஆயிரத்தொன்றாவது தடவையும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வழியை நிரூபித்தால்தான் நிச்சயம்.

இதைத்தான் ஹார்டி கற்றுக்கொடுத்தார். அது எளிதாக இல்லை. அதிகம் அதட்டினால் அந்த ஊற்று வறண்டுவிடுமோ என்று ஹார்டிக்குப் பயம். சும்மா விட்டால் தவறான பாதையில் போய்விடுவாரோ என்றும் பயம். மெதுவாக, நண்பனைப் போலச் சொல்லிக் கொடுத்தார். ராமானுஜமும் கற்றுக்கொண்டார். ஹார்டியோ, தாம் சொல்லிக் கொடுத்ததைவிட அவரிடம் கற்றுக்கொண்டதே அதிகம் என்று பின்னாளில் எழுதினார்.

இங்கிலாந்திலும் அதே நோய்

இங்கிலாந்துப் பரீட்சை மட்டும் சிறந்தது, நம் பரீட்சை மட்டம் என்று நினைத்தால் தவறு. கேம்பிரிட்ஜில் டிரைபாஸ் என்ற கணிதப் பரீட்சை இருந்தது. முதலாவது யார், இரண்டாவது யார் என்று பட்டியல் போடுவார்கள். குதிரைப் பந்தயம் மாதிரி! தனிப்பாட வாத்தியார்களிடம் பணம் கட்டி, கேள்விகளை வேகமாகப் போடப் பழகுவார்கள். ராமானுஜம் படித்த கார் புத்தகம் அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான்.

ஹார்டி 1898-ல் அந்தப் பரீட்சையில் நாலாவதாக வந்தவர். ஆனால் அதை வெறுத்தார். இது கணிதத்தை வளர்க்காது, பந்தயக் குதிரைகளைத்தான் வளர்க்கும் என்று போராடினார். 1909-ஆம் ஆண்டோடு அந்த வரிசைப் பட்டியல் நின்றது.

தம் நாட்டுப் பரீட்சையின் குறையை அறிந்தவராக இருந்ததால்தான், நம் நாட்டுப் பரீட்சையில் தோற்றவரை அவர் தள்ளிவிடவில்லை.

பட்டமும் பெருமையும்

ராமானுஜம் 12, 24, 60 போன்ற எண்களைப் பற்றி ஆராய்ந்தார். 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 என்ற ஆறு எண்களால் மீதி இல்லாமல் வகுக்கலாம். 12-க்குக் குறைந்த எந்த எண்ணையும் இத்தனை விதமாக வகுக்க முடியாது. 24-ஐ எட்டு விதமாக வகுக்கலாம். 60-ஐப் பன்னிரண்டு விதமாக வகுக்கலாம். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிஷம் என்பது பங்கிட எவ்வளவு வசதி என்று பாருங்கள். இந்த எண்கள் எப்படி அமைகின்றன என்று ராமானுஜம் எழுதிய கட்டுரை 1915-ல் வெளிவந்தது. அதற்காகவே 1916 மார்ச் 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. பரீட்சை எழுதிப் பெறாத பட்டம்!

ஹார்டியும் அவரும் சேர்ந்து செய்த பெரிய வேலை இன்னொன்று. நாலு ரூபாயைச் சில்லறைக் கட்டாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? நாலு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், ஒன்று ஒன்றாக நாலு. ஆக 5 விதம். 10 ரூபாயை 42 விதமாகப் பிரிக்கலாம். 100 ரூபாயை? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்!

எண்ணிப் பார்க்காமல், எந்த எண்ணுக்கும் இதைச் சொல்ல ஒரு சூத்திரம் உண்டா? ராமானுஜமும் ஹார்டியும் கண்டுபிடித்தார்கள். 200-க்கு மக்மகான் என்பவர் கையால் கணக்கிட்டு விடை சொன்னார். 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. சூத்திரமும் அதே விடையைக் காட்டியது. இந்தத் தடவை விடையும் இருந்தது, வழியும் இருந்தது. ஊகித்தவர் ராமானுஜம். உறுதிப்படுத்த ஹார்டி துணை நின்றார். 1918-ல் உலகம் அதைப் படித்தது.

1918 மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. எப்.ஆர்.எஸ். என்ற அந்தப் பட்டத்தைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். டிரினிட்டி கல்லூரியில் 1917-ல் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. தோல் நிறத்தைப் பார்த்தவர்களும் அங்கே இருந்தார்கள். அடுத்த ஆண்டு லிட்டில்வுட் வாதாடினார். 1918 அக்டோபர் 13-ந் தேதி டிரினிட்டியின் முதல் இந்திய பெல்லோ ஆனார் ராமானுஜம்.

உடல் தாங்கவில்லை

பெருமை வந்தபோது உடம்பு இல்லை. சைவச் சாப்பாடு, தாமே சமைப்பார். யுத்த காலத்தில் காய்கறி கிடைக்கவில்லை. குளிர் வேறு. 1917-ல் படுத்தார். காசநோய் என்று டாக்டர்கள் வைத்தியம் செய்தார்கள். அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம், அன்றே கண்டுபிடித்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாம் என்று மிகப் பிற்காலத்தில் ஆராய்ந்த டாக்டர் ஒருவர் எழுதினார். உடம்பைச் சோதித்தவர்களும் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டார்கள் போலும்.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த டாக்சியின் எண் 1729, சுவையில்லாத எண் என்றார். படுத்தபடியே ராமானுஜம் மறுத்தார். 1-ஐயும் 12-ஐயும் மும்முறை பெருக்கிக் கூட்டினால் 1729. 9-ஐயும் 10-ஐயும் அப்படிக் கூட்டினாலும் 1729. இப்படி இரண்டு விதமாக வரும் எண்களில் இதுதான் மிகச் சிறியது! நோயிலும் அந்தப் புத்தி படுக்கவில்லை.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். கொடுமுடி, கும்பகோணம், சென்னை என்று இடம் மாற்றி வைத்தியம் நடந்தது. எலும்பும் தோலுமாக ஆனார். ஜானகி பக்கத்தில் இருந்து கவனித்துக் கொண்டார். படுக்கையில் சிலேட்டு இருந்தது. 1920 ஜனவரியில் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். அதில் ஒரு புதுவகைக் கணிதம் இருந்தது. ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

கடைசிக் காலத்தில் அவர் எழுதிய தாள்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். நோட்டுப் புத்தகங்களில் உள்ள ஆயிரக்கணக்கான முடிவுகளுக்கு வழி தேடி அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். மிகச் சிலவே தவறு என்று தெரிந்தது. அந்த 100 மார்க் கதையை ஹார்டியிடம் கேட்டுச் சொன்னவர் ஹங்கேரி நாட்டுக் கணித அறிஞர் எர்டோஷ்.

நாலு நாட்டு மாணவர்கள்

ராமானுஜம் மறைந்து நூறாண்டு கழிந்த பிறகும் அதே கேள்வி உலகத்தைச் சுற்றி வருகிறது. மாணவனின் சிந்தனையை அளப்பது எப்படி?

2021-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இந்தியா, சீனா, ரஷியா, அமெரிக்கா ஆகிய நாலு நாடுகளில் கம்ப்யூட்டர், மின்பொறியியல் படிக்கும் பல்லாயிரம் கல்லூரி மாணவர்களைச் சோதித்தார்கள். பாட அறிவு எவ்வளவு என்று பார்த்தார்கள். ஆராய்ந்து சிந்திக்கும் திறன் எவ்வளவு என்று தனியாகப் பார்த்தார்கள். இந்திய மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டில் பாட அறிவில் வளர்ந்தார்கள். ஆனால் நாலு ஆண்டு படித்தும் சிந்திக்கும் திறனில் அமெரிக்க மாணவர்களைப் போல வளரவில்லை. சிந்திக்கும் திறனில் சீனாவிலும் ரஷியாவிலும் இதே நிலைதான்.

நம் பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்பது இதன் பொருள் அல்ல. நாலு ஆண்டும் அந்த மூளையிடம் நாம் என்ன கேட்டோம் என்பதே கேள்வி. விடை என்ன என்று மட்டும் கேட்டால் பிள்ளை விடையைப் படிப்பான். எப்படி என்று கேட்டால் வழியைத் தேடுவான். எங்கே இது பொருந்தாது என்று கேட்டால், பூஜ்யத்தைப் பற்றிக் கேட்ட கும்பகோணத்துப் பையனைப் போல எழுந்து நிற்பான்.

ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம்

இங்கிலாந்தில் நோயோடு இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜத்துக்கு ஆண்டுக்கு 250 பவுன் வீதம் ஐந்து ஆண்டுக்குக் கொடுக்க முடிவு செய்தது. 1919 ஜனவரி 11-ந் தேதி அவர் பதில் எழுதினார். தமக்கு அவ்வளவு பணம் தேவை இல்லை என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போதும். தம் அவசியச் செலவு போக மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்துக்கும், புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

சம்பளம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டவர் அவர். காகிதம் வாங்க முடியாமல் முழங்கையால் சிலேட்டை அழித்தவர் அவர். தமக்கு ஒரு டெப்டி கலெக்டர், ஒரு நாராயண அய்யர், ஒரு ஹார்டி கிடைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிக் கிடைப்பதில்லை என்று அவருக்குத் தெரியும்.